அப்பாவின் ஒருசந்தி

சாம்பல் புதனுக்கு மறுநாள்

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அப்பாவும் இருக்கிறார். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

கிறிஸ்துமஸ் அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு எழுந்து போனாய். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. அப்படி நான் என்ன சொல்லிவிட்டேன்? நீ கோவிலை விட்ட வருஷம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது என்றேன். நடந்ததைத்தானே சொன்னேன்? அதற்கு இவ்வளவு ரோஷமா? ஜெபக்கூட்டத்துப் பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நீ போன பிறகு மணிக்கூண்டு என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? (ஆமாம், நீ வைத்த பட்டப்பெயர்தான். கூட்டத் தலைவியை அப்படிச் சொல்லக் கூடாது என்று தெரியும். கை தானாக எழுதிவிட்டது.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை, தினமும். பகலில் தண்ணீர் மட்டும். ராத்திரி ஜெபம் முடிந்து, அப்பா தூங்கிய பிறகு அடுப்படியில் ஒரே வேளைச் சாப்பாடு. கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது. ஈஸ்டருக்குள் அப்பாவுக்குப் பேச்சு திரும்ப வேண்டும், அதுதான் வேண்டுதல். 'ம்' என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து எவ்வளவு நாளாகிறது என்று உனக்கே தெரியும்.

எனக்கு இந்த வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். அம்மா இறந்துபோய், அப்பா வேலை பார்த்த பெட்டி செய்கிற ஆலையையும் மூடி, வேறு வேலை தேடி அலைந்த நாட்களில்கூட அவர் ஒருசந்தியை விட்டாரா? நம் இரண்டு பேருக்கும் பரிமாறிவிட்டு சுவரில் சாய்ந்துகொண்டு, "நீங்க சாப்பிடுங்க, எனக்கு இன்னிக்கு ஒருசந்தி" என்பார். தவக்காலம் முடிந்த பிறகும் நினைத்தால் இருப்பார். மழைக்காலத்தில்கூட இருந்திருக்கிறார். அப்படி ஒரு பக்தி. உடம்பை அடக்கினால்தான் ஆத்துமா மண்டியிடும் என்பதை நான் பிரசங்கம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, அந்தச் சுவரோரம் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நீ தினமும் இருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமையாவது வாயைக் கட்டு. அப்பாவுக்காக என்று நினைத்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 6

அக்கா,

உன் கடிதம் வந்தது. உறையைப் பிரிக்கும்போதே சாம்பல் கொட்டுமோ என்று பயந்தேன்.

நீ நடந்ததைத்தான் சொன்னாய். அதே வருஷம் விலைவாசி ஏறியது, எங்கள் விடுதியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது, அவற்றையும் என் கணக்கில் எழுதிக்கொள். அத்தனை பேர் முன்னால், அப்பாவின் படுக்கைக்கு நாலடி தூரத்தில், அப்பாவை நான்தான் விழ வைத்தேன் என்று சொன்னாய். அவருக்குப் பேச்சுதான் போயிற்று, காது போகவில்லை. கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வாயைக் கட்டச் சொல்கிறாய். நான் தொழிலாளர் விடுதியில் சமையல்காரன். வெள்ளிக்கிழமை என்று உப்பு பார்க்காமல் இறக்கினால், ஷிப்ட் முடிந்து வருகிற கூட்டம் என்னையே அண்டாவில் போட்டுக் கிண்டிவிடும். பசியோடு வருகிறவன் முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். தட்டு கைக்கு வருவதற்குள் அவன் கண் குழம்புக்குள் விழுந்திருக்கும். பசியை நேர்ந்துகொள்ள வேண்டியதில்லை அக்கா, அது அழைக்காமலே வரும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ காலையிலும் மத்தியானமும் சாப்பிடாமல் மிச்சம் பிடிக்கிறாயே, அந்தச் சாப்பாடு யார் வயிற்றுக்குப் போகிறது? யாருக்காவது கொடுக்கிறாயா? நாம் ஞாயிறு மறைக்கல்விக்குப் போன காலத்தில் நோன்பென்றால் நம் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவன் தட்டில் வைப்பது என்று சொல்லிக்கொடுத்த ஞாபகம். நான் பாதி வகுப்பு தூங்கியிருப்பேன், தப்பாக இருந்தால் திருத்து.

அப்பாவின் ஒருசந்தியைப் பற்றி நீ பெருமை பேசும்போதெல்லாம் எனக்குத் தொண்டை வரைக்கும் ஒன்று வரும். விழுங்கிவிடுவேன். அவருக்கு ஒரு வாக்கு கொடுத்திருக்கிறேன். அதனால் அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

லீவு கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் வருவேனா என்று தெரியவில்லை.

தம்பி

*

தவக்காலம், மூன்றாம் வெள்ளி

தம்பிக்கு,

கிடைத்தது. கோவிலை விட்டவன் எனக்கு மறைக்கல்வி நடத்துகிறான். நல்லது.

அப்பா உனக்கு மட்டும் ஏதோ ரகசியம் சொன்னது போல எழுதியிருக்கிறாய். என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். கதை விடாதே.

பள்ளிச் சீருடை ஆர்டர் வந்திருக்கிறது. காலர் காலராகக் குவிந்து கிடக்கிறது. பகலில் தலை சுற்றுவதால் ஊசி இரண்டு தடவை விரலில் ஏறிவிட்டது. அதையும் ஒப்புக்கொடுத்துவிட்டேன்.

அக்கா

*

தவக்காலம், ஐந்தாம் ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடம் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அப்பா என்னோடு சேர்ந்து ஒருசந்தி இருக்கிறார்.

ஆரம்பத்தில் எனக்கே பிடிபடவில்லை. தினமும் அவருக்கு ஊட்ட உட்காருவேன். அவர் என்னைப் பார்ப்பார், தட்டைப் பார்ப்பார், நீயும் சாப்பிடு என்று இடது கையால் காட்டுவார். காதில் விழ வேண்டுமே என்று கொஞ்சம் சத்தமாக, "எனக்கு ஒருசந்திப்பா, நீங்க சாப்பிடுங்க" என்பேன். முதல் வாரம் பாதித் தட்டோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் நாலு கவளம். இப்போது நான் அந்த வார்த்தையைச் சொன்னதுமே உதட்டை இறுக்கிக்கொள்கிறார். தட்டை என் பக்கம் தள்ளுகிறார். கெஞ்சினாலும் மிரட்டினாலும் திறப்பதில்லை. ராத்திரி கரைத்துக் கொடுக்கும் கஞ்சியில் இரண்டு வாய் இறங்கினால் பெரிது.

ஜெபக்கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மணிக்கூண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு சாமியார் பிரசங்கத்தில் அப்பாவைச் சொன்னார். படுத்த படுக்கையிலும் ஒரு ஆத்துமா ஆண்டவரோடு பாலைவனத்தில் நடக்கிறது என்றார். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன். உன்னிடம் மறைப்பானேன், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

இப்போது அந்தக் குளிர்ச்சி இல்லை. அப்பாவின் சட்டை தோளில் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். போன வாரம் மறுபடியும் பிடிக்க வேண்டியிருந்தது. அளவு எடுக்கும்போது டேப் அவர் விலா எலும்பில் தட்டித் தட்டிப் போனது. புத்தியும் கொஞ்சம் தடுமாறுகிறது போல. எப்போதாவது ஒரு ரொட்டித் துண்டை வாயில் வாங்கினாலும் மெல்லாமல், எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். சாயங்காலம் நான் தையல் மெஷினிலிருந்து எழுந்தால் அதை எடுத்து நீட்டுகிறார். ஈரமும் நூலுமாக இருக்கிறது. வாங்கி வாசலில் பறவைகளுக்குப் போட்டுவிடுகிறேன்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். இப்படியே போனால் ஈஸ்டர் கழித்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டுமாம். அதை இந்த நெஞ்சு தாங்குமா என்று கேட்டேன், அவர் பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

நான் நேர்ந்தது பேச்சு வர வேண்டும் என்றுதான். போக வேண்டும் என்று இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. முடிந்தால் வந்துவிட்டுப் போ.

அக்கா

*

ஏப்ரல் 7, செவ்வாய்

அக்கா,

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உறை கனமாக இருந்தது. இன்னொரு பிரசங்கம் என்று நினைத்து உப்பு டின்னுக்கு அடியில் செருகிவைத்தேன். தினமும் அந்த டின்னை எடுத்துத்தான் உப்பு போட்டேன். தினமும் உறையைப் பார்த்தேன். இன்று காலைதான் பிரித்தேன். படித்துவிட்டு அண்டா முன்னால் நின்றேன், அடிப்பிடித்தது தெரியவில்லை. கூட வேலை செய்பவன் வந்து அடுப்பை அணைத்தான்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை இப்போது உடைக்கிறேன். அவரே என்னை மன்னிப்பார்.

அப்பா என்றைக்கும் ஒருசந்தி இருந்ததில்லை அக்கா. சோறு இல்லாததால் சாப்பிடாமல் இருந்தார். இரண்டு பேருக்குத்தான் வரும் என்கிற நாளில் "எனக்கு இன்னிக்கு ஒருசந்தி" என்று சொல்லிவிடுவார். ஈஸ்டருக்குப் பிறகும், மழைக்காலத்திலும் அவர் ஒருசந்தி இருந்தது அதனால்தான். மழைக்காலத்தில் பெட்டிக்கடைக்காரன்கூட அவருக்கு வேலை கொடுக்கவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஒரு சாயங்காலம் நீ தெருக்குழாய்க்குத் தண்ணீருக்குப் போயிருந்தாய். நான் பின்பக்கம் போனேன். அப்பா சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றி, விரலால் சுற்றிலும் வழித்து, அப்படியே தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பானையைக் கீழே வைத்துவிட்டார். ஒரு பெரிய மனிதர் ஒரு சின்னப் பையன் முன்னால் அப்படி முகம் சுருங்கி நான் பார்த்ததில்லை. அப்புறம் என்னை இழுத்து உட்கார வைத்து, "அக்காகிட்ட சொல்லிடாதடா. தெரிஞ்சா அவளும் ஒருசந்தின்னு ஆரம்பிச்சிடுவா" என்றார்.

புரிகிறதா? அவர் உன்னோடு சேர்ந்து நோன்பு இருக்கவில்லை. அவருக்குப் பழைய நாள் எது, இந்த நாள் எது என்று பாதி நேரம் தெரிவதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நம் வீட்டில் ஒருவர் தட்டை எடுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து, "எனக்கு ஒருசந்தி, நீங்க சாப்பிடுங்க" என்று சொன்னால் பானையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். தான் சொன்ன பொய்யை மகள் தன்னிடமே சொல்கிறாள் என்று நினைக்கிறார். நீ சாப்பிட்டு அவர் பார்த்து எவ்வளவு நாளாகிறது? அவர் தூங்கிய பிறகுதானே சாப்பிடுகிறாய்? பைக்குள் ரொட்டியைப் பதுக்கியது புத்தி தடுமாறி இல்லை. உனக்கு வைத்திருந்தார்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. போன கடிதத்தில் குத்தினேன், அப்போதே இதைச் சொல்லியிருந்தால் அவர் இந்த ஒரு மாதம் சாப்பிட்டிருப்பார். வாக்கு வாக்கு என்று நானும் ஒரு பெருமையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். ஈஸ்டர் விருந்துச் சமையலை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்கிறார்கள். ஞாயிறு மத்தியானத்துக்குள் எப்படியாவது வந்துவிடுவேன். நான் வரும்வரை காத்திருக்காதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் சமை. பானையை அவர் கட்டிலுக்கே கொண்டுபோய்க் காட்டு. அவர் கண் முன்னால் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடு. என்ன கிழமை என்று பார்க்காதே.

தம்பி

*

பெரிய வெள்ளி, சாயங்காலம்

தம்பி,

இது உனக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. நீ கிளம்பிய பிறகு அங்கே போய்ச் சேர்ந்தாலும் சேரும். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் நீ வந்து நின்றால் என் வாயிலிருந்து இது வராது.

உன் கடிதம் நேற்று, வியாழன் சாயங்காலம் கிடைத்தது. வாசலில் நின்றே படித்தேன். முதலில் நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். பிறகு மழைக்காலத்து ஒருசந்தி ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு, அவர் பானையைச் சாய்த்துப் போட்டு, "போதுமா?" என்று கேட்ட நாளெல்லாம் வந்தது. பொய் இல்லை என்று தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிதத்தை மடித்து மெஷின் இழுப்பறையில் வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனேன். இன்னும் இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, பெரிய வெள்ளியன்று சாப்பிட்டு நேர்ச்சையைக் கெடுத்துக்கொள்வதா என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா முன்னால் உட்கார்ந்து ஜம்மென்று சாப்பிட்டால் போயிற்று என்று கணக்குப் போட்டேன். சாமியார் பாதம் கழுவும்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, கஞ்சிக்கும் வாய் திறக்காத அப்பாவுக்குப் போர்வையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.

இன்று காலை அவர் தண்ணீரையும் தள்ளிவிட்டார். டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். தண்ணீரும் இல்லை என்று நினைத்துவிட்டார் தம்பி. தண்ணீரைக்கூட எனக்கு விட்டுக்கொடுத்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன். பெரிய பானையில் சோறு வடித்தேன். முட்டை பொரித்தேன். பெரிய வெள்ளி மத்தியானம், தெருவில் எந்த வீட்டிலும் புகை இல்லை, என் வீட்டில் மட்டும் எண்ணெய் சத்தம். பானையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் வைத்துச் சாய்த்துக் காட்டினேன். "இங்க பாருங்கப்பா, நிறைய இருக்கு" என்றேன். அவர் என் முகத்தை நம்பவில்லை. இடது கையைப் பானைக்குள் விட்டார். சூடு சுட்டிருக்கும், ஆனாலும் எடுக்கவில்லை. அடிவரைக்கும் விட்டுப் பார்த்தார்.

பிறகு நான் சாப்பிட்டேன். முதல் கவளம் இறங்கவில்லை. இத்தனை நாள் பகலில் சோறு பார்க்காத தொண்டை, அடைத்துக்கொண்டது. அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினேன். இரண்டாவதையும் விழுங்கினேன். மூன்றாவதை எடுக்கும்போது அவர் வாயைத் திறந்தார்.

தம்பி, அவர் பசியோடு இருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேண்டாதவர் மாதிரி இல்லை. உன் விடுதி ஆட்கள் மாதிரி, கண் தட்டுக்குள் விழுகிற மாதிரி சாப்பிட்டார். இத்தனை நாளும் அந்தப் பசியை உதட்டுக்குப் பின்னால் வைத்துப் பூட்டியிருந்தார், நான் அதைச் சாட்சியாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

அந்த நேரம் பார்த்து சிலுவைப்பாதைக்கு என்னைக் கூட்டிப்போக மணிக்கூண்டும் கூட்டத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. என் வாய் நிறையச் சோறு. தட்டில் முட்டை. மணிக்கூண்டு மெதுவாக, "என்னம்மா இது, இன்னிக்குப் போயா?" என்றாள். ஏதாவது சமாளித்திருக்கலாம். டாக்டர் சொன்னார் என்றால் நம்பியிருப்பார்கள். உண்மையாகவே சமாளிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா 'ம்' என்று என் கையைத் தட்டினார், நிறுத்தாதே என்று. எனக்கு அழுகையும் சோறுமாக வந்தது. "எங்கப்பா நோன்பு இருக்கலை. நான்தான் அவரைப் பட்டினி போட்டேன்" என்றேன். எச்சில் கையோடு அவ்வளவு பேர் முன்னால் சொன்னேன். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் போய்விட்டார்கள். மணிக்கூண்டு மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அப்பாவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு நீ வைத்து நானும் சொல்கிற பெயருக்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

சாப்பாட்டை விட்டது மட்டும்தான் நான் செய்தது. அதில் ஒரு பருக்கைகூட யார் தட்டுக்கும் போகவில்லை, நீ கேட்டது சரிதான். அப்பா பொய் சொல்லிச் சொல்லி இருந்ததுதான் நோன்பு. அதில் வளர்ந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் அவருக்கே நோன்பு காட்டினேன்.

நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். பெரிய வெள்ளியில் முட்டை தின்றேன் என்று சொல்ல அல்ல. வியாழன் சாயங்காலம் உன் கடிதத்தைப் படித்தேன், வெள்ளி மத்தியானம்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். நடுவில் இருக்கிற அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதற்கு என்ன பெயர் என்றும் தெரியவில்லை. உன்னிடம் சொல்லிப் பார்த்தால் அங்கே வாய் வரும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

குழாய் போடுவார்களா மாட்டார்களா என்று டாக்டர் திங்கட்கிழமை வந்து பார்த்துச் சொல்வார். இப்போதுதான் இன்னொரு முறை கொடுத்தேன். நான் ஒரு வாய், அவர் ஒரு வாய். நான் மென்று முடிக்காமல் அவர் அடுத்ததற்குத் திறப்பதில்லை. ஏமாற்ற முடியாது. கூர்ந்து பார்க்கிறார்.

உன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உனக்கும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், வா. வழியில் எதுவும் வாங்கிச் சாப்பிடாதே, பசியோடு வா. இன்று நடுவில் ஒருமுறை அவர் வாசலைப் பார்த்து, ஒரு கவளத்தை மட்டும் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்தார். நான் எவ்வளவு சொல்லியும் அதைத் தொடவில்லை.

அக்கா